தாத்தா விற்றுவிட்டார் என்றால் நிலம் போய்விடுமா?

பஞ்சமி நிலம் கேட்டு மனுவோடு போகிறவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலக வாசலிலேயே ஒரு பதில் தயாராக இருக்கிறது: “உங்க தாத்தாதானே வித்தாரு? கிரயப் பத்திரம் இருக்கே.” பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அதிகாரி சொன்னதால் மட்டும் அல்ல, நமக்குள்ளேயே ஒரு கூச்சம் இருக்கிறது. குடிக்கு விற்றாரோ, கல்யாணக் கடனுக்கு விற்றாரோ, விற்றது விற்றதுதானே என்ற நினைப்பு. வருவாய்த் தீர்வாயத்துக்கு நான் துணையாகப் போன ஒரு பாட்டியும் இதையேதான் கேட்டார். “எங்க மாமனாரு கைநாட்டு வச்சது நெசந்தானே தம்பி, அப்புறம் என்னன்னு போயி கேக்கறது?”

கேட்கலாம். அந்தக் கைநாட்டு செல்லாது என்பதுதான் பஞ்சமி நிலத்தின் அடிப்படையே.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஊரில் தரிசு கிடக்கும். சேரிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுத் தரக்காஸ்து மனு போட்டால், முன்னுரிமை எனக்கு என்று மிராசுதார் வந்து நிற்பார். சேரிக்காரர் குடியிருந்த குடிசை மனைகூட மிராசுதாருடையதாக எழுதப்பட்டிருக்கும். எதிர்த்துப் பேசினால் கூலி போகும், கூரையும் போகும். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனின் கருணை என்று மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். தரிசாகக் கிடந்தால் தீர்வை வராது, உழுதால் வரும் என்ற கணக்கும் சர்க்காருக்கு இருந்தது. மாகாணம் முழுக்க அப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

நிலத்தைச் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனையோடு கொடுத்தார்கள். முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பஞ்சம் வரும், கடன் வரும், கடன் கொடுத்தவன் நிலத்தைக் கேட்பான், இவரால் மறுக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துதான் இப்படி எழுதி வைத்தார்கள். ஆக, பாட்டியின் மாமனார் வைத்த கைநாட்டு விதி எதிர்பார்க்காத ஒன்றல்ல. அதற்காகத்தான் விதியே வந்தது. விற்கும் உரிமை இல்லாதவரிடமிருந்து வாங்கியவருக்கு என்ன உரிமை வரும்? பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பார்கள். பதிவு என்பது இப்படி ஒரு கைமாற்றம் நடந்தது என்பதற்கான பதிவு. இல்லாத உரிமையை அது உண்டாக்கித் தராது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்த நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் ஏன் வரவில்லை? என் அனுபவத்தில் பெரிய தடை சட்டத்தைவிடப் பதிவேட்டில்தான் இருக்கிறது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே ‘டி.சி.’ என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ குறிப்பு இருக்கும். 1979-க்குப் பிறகு சுமார் எட்டு ஆண்டுகள் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பெயர் எழுதினார்கள். பல ஊர்களில் அந்த இரண்டெழுத்துக் குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. வாங்கியவர் பெயரில் பட்டா, பக்கத்தில் ‘ரயத்துவாரி’, அவ்வளவுதான். இன்று மாணவர்கள் கைப்பேசியில் எடுத்துப் பார்க்கும் ‘அ’ பதிவேடு இந்தப் புதிய பதிவேடுதான். அதில் இல்லை என்பதால் பஞ்சமி நிலமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். பழைய புல எண்ணுக்கும் புதிய புல எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லை என்றால் மாவட்டப் பதிவறையில் தேடச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். ‘செல்லரித்துவிட்டது’ என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கிஸ்து ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கர்நாடகத்தில் இதற்கென்று 1978-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பின்னர் 2017-இல் அதே நீதிமன்றம், நெடுங்காலம் கழித்து வரும் மனுவை ஏற்க முடியாது என்று சொன்னதும் மனுக்கள் வரிசையாகத் தள்ளுபடியாயின. தலித் அமைப்புகள் போராடின. 2023-இல் காலவரம்பு கிடையாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே நம் கையில் இருப்பது அரசாணையும் வருவாய் நிலையாணையும்தான். ‘இத்தனை வருஷம் எங்க போனீங்க’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தேர்தல் மேடையில் பஞ்சமி நிலம் பேசும் கட்சிகளிடம் மாணவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். சும்மா பேசிக் கிடைத்த பிரச்சினை அல்ல இது. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் காரணை நிலத்துக்காகக் கூடியவர்கள் மீது காவல் துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக அனுபவிப்பது பிரிவு 3(1)(எஃப்)-இன் படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

நமக்குள் பேசித் தீர்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மீட்கப்படும் நிலம் முதலில் அரசுக்குப் போகும். பிறகு தகுதியுள்ள ஒடுக்கப்பட்டோருக்கு மறுபடி ஒப்படை செய்யப்படும். விற்றவரின் வாரிசுக்கு அது தானாக வந்துவிடாது. ‘எங்க தாத்தா நெலம்’ என்று ஒரு வீடும், ‘காலனிக்குப் பொது’ என்று பத்து வீடும் தனித்தனியாக மனு போட்டு, அந்தச் சண்டையையே காரணம் காட்டிக் கோப்பு மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டியின் ஊரிலும் அப்படித்தான் தொடங்கியது. இப்போது நான்கு குடும்பத்தாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பழைய பதிவேட்டின் நகலுக்காகக் காத்திருக்கிறோம்.