‘கட்டாது’ எண்டு சொல்லுறவைக்கு ஒரு கணக்கு

யாழ்ப்பாண நகரத்தில எந்த முதலாளியோட கதைச்சாலும் ஒரு சொல் கட்டாயம் வரும்: “சம்பளம் குடுத்துக் கட்டாது தம்பி.” கடை வாடகை ஏறினதும் 2022க்குப் பிறகு கரண்ட் பில் ஏறினதும் உண்மைதான். ஆனால் கட்டடச் சொந்தக்காரரிட்டையோ மின்சார சபையிட்டையோ “கட்டாது” எண்டு சொல்லிக் குறைச்சுக் குடுக்க ஏலாது. குறைக்கக்கூடிய ஒரே ஆள், புடவைக்கடை வாசலில காலமையில இருந்து நிண்டு “வாங்கோ அக்கா” எண்டு கூப்பிடுற பிள்ளைதான்.

சரி, கணக்கையே பாப்பம்.

தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது மாதம் 10,000 ரூபா. 2026 ஜனவரியில் இருந்து 30,000. அதுக்கு மேல முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன்ரை பையில இருந்து போடவேணும். ஆக 34,500.

இனி நேரம். 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. ஒண்டரை நாள் லீவு. எங்களோட ஏ.எல். எடுத்துப்போட்டுக் கடைக்குப் போன பிள்ளையள் எட்டரைக்குப் போய் ஏழு மணிக்குத்தான் வெளிக்கிடுகினம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழிச்சாலும் ஆறு நாளைக்கு 57 மணித்தியாலம். 12 கூட. 30,000ஐ 240ஆல பிரிச்சா மணித்தியாலத்துக்கு 125. ஓவர்டைம் ஒண்டரை மடங்கு, 187 ரூபா 50 சதம். நாலு கிழமைக்கு 9,000.

34,500உம் 9,000உம் 43,500. இந்தப் பிள்ளையளுக்கு முழுசா 30,000 கூடக் கிடைக்கிறேல்லை. கிடைச்சது எண்டே வைச்சாலும் ஒரு ஆளில 13,500 மிச்சம். பத்துப் பேர் நிக்கிற கடையில மாதம் 1,35,000. இதை லாபம் எண்டு எழுதிவைச்சுக்கொண்டுதான் ‘கட்டாது’ எண்டுகினம்.

“முதல் மூண்டு மாசம் பழகட்டும், பிறகு ஈ.பி.எஃப். போடுவம்” எண்டுறதும் பொய்க்கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில இருந்தே அது போடவேணும்.

புருசனும் பெஞ்சாதியும் மாறி மாறி நிக்கிற பலசரக்குக் கடையை நாங்கள் இதுக்குள்ள இழுக்கேல்லை. அவை தங்கட உழைப்புக்கே சம்பளம் எழுதுறேல்லை. எழுதினால் பாதிக் கடையள் நட்டத்திலதான் ஓடுது எண்டு தெரியவரும். நாங்கள் சொல்லுறது மூண்டு மாடி எழுப்பி, ஏ.சி. போட்டு, நல்லூர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைச்சுப் பேரும் எழுதுறவையை.

“எங்கட பெடியள் வெளிநாட்டுக் காசில பழுதாப்போட்டுதுகள், வேலை செய்ய மனமில்லை” எண்டு இவையே சொல்லித் திரியினம். உண்மையில வெளிநாட்டுக் காசில ஓடுறது இவையின்ரை கடைதான். ஒரு பிள்ளை இருபத்தையாயிரத்துக்கு வேலைக்கு வந்து நிக்க முடியுது எண்டால், வீட்டு வாடகையையும் அம்மான்ரை மருந்துச் செலவையும் ஸ்காபரோவில இருக்கிற சித்தப்பா பார்க்கிறார். அவர் அங்கை இரவு வேலை செய்து அனுப்புறது இஞ்சை ஒரு முதலாளியின்ரை கூலிச் செலவுக்குத் துண்டுவிழுற காசு. அப்பிடிச் சித்தப்பா இல்லாத பிள்ளை அடகுக்கடைக்குப் போகுது. கூலிச் செலவு குறையேல்லை. கடைக் கொப்பியில இருந்து வீட்டுக் கொப்பிக்கு மாறியிருக்கு. அறுபது வயசில சேமலாப நிதி இல்லாமல் நிக்கேக்கை அந்தச் செலவு இன்னும் ஒருக்கா வரும். அப்பவும் முதலாளிக்கு இல்லை.

“சம்பளத்தைக் கூட்டினால் சாமான் விலை கூடும்” எண்டுறவை, போன பத்து வருசத்தில சம்பளம் கூட்டாமலே எத்தினை தரம் விலை கூட்டினவை எண்டதையும் சொல்லவேணும்.

கடையில வேலை செய்யிற நண்பர்களே, நாளைக்குப் போனவுடனை உங்கட சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் என்ன எண்டு கேளுங்கோ. கேட்கேக்கை முதலாளியின்ரை முகம் எப்பிடி இருந்தது எண்டு எங்களுக்கும் எழுதுங்கோ.