கோடையும் குளிர்ப்பெட்டியும்

சித்திரை பிறந்ததும் நமக்கு வரும் கடிதங்களில் பல ஒரே முறையீட்டைத் தாங்கி வருகின்றன: "பெட்டி ஓயாது ஓடுகிறது, பால் மட்டும் திரிந்துபோகிறது." நந்திதுர்க் குடியிருப்பில் வசிக்கும் அம்மையார் ஒருவர், பாலைப் பற்றிக் கவலையில்லை, கணவருக்குரிய இன்ஸுலின் மருந்து கெட்டுவிடுமோ என்பதே அச்சம் என எழுதியிருக்கிறார். நியாயமான அச்சந்தான். ஆகவே இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தங்கவயல் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் உஷ்ணமே 60 டிகிரி செல்ஸியஸைக் கடந்தது. குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்தி, சூடேறிய காற்றை மேலே வெளியேற்றியதால் அன்றோ நம் பாட்டனார் அங்கு நின்று உழைக்க முடிந்தது! வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் வீட்டுப் பெட்டிக்கும் அதே கதிதான்.

நம்மவரோ பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேலே பூ விரிப்புப் போர்த்தி, அதன்மேல் ஸ்டெபிலைசரையும் பழைய நாட்காட்டிகளையும் அடுக்கி அழகு பார்க்கின்றனர். பழைய பெட்டிகளில் உஷ்ணம் வெளியேறும் குழாய்கள் பின்புறம் தெரியும். புதியவற்றில் அவை பெரும்பாலும் பக்கத் தகட்டினுள் மறைந்திருக்கும். பக்கம் சுடுவது பழுதன்று. பின்னும் பக்கங்களிலும் நாலங்குலமேனும் இடைவெளி விட்டு, மேற்புறத்தையும் திறந்து வைத்தல் வேண்டும். குழாயில் படிந்த தூசியை, பிளக்கைப் பிடுங்கிய பின், மென்மையான துடைப்பத்தால் நீக்கலாம்.

தகரக் கூரை வீடுகளில் பிற்பகல் வெப்பம் வெளியிலுள்ளதை மிஞ்சுவதுண்டு. பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'என்' எழுத்து இருப்பின் அது சுற்றுப்புறம் 32 டிகிரி வரையிலும், 'எஸ்டி' எனில் 38 வரையிலும், 'டி' எனில் 43 வரையிலும் இயங்க அமைந்தது. வாங்குமுன் அதைப் பாருங்கள். கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். அடுப்பங்கரையும் மேற்குச் சுவரும் ஆகா.

கதவின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் குளிர் கசிகிறது. பனிக்கட்டி கால் அங்குலம் படிந்ததும் பெட்டியை நிறுத்திக் கரையவிட வேண்டும். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும். புதுப் பெட்டிகள் பலவற்றிலுள்ள வாயு எளிதில் தீப்பற்றக் கூடியது. சூடான சாம்பாரை ஆறவைத்தே உள்ளே வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறவாதிருங்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய அன்பர்கள் விடுமுறையில் வண்டி வீட்டில் பயணம் செல்வதாக எழுதுகின்றனர். அவ்வண்டிகள் பலவற்றில் உள்ளது வேறு வகை. 1922-ல் வான் பிளாட்டன், மன்டர்ஸ் என்னும் ஸ்வீடன் தேச மாணவர் இருவர் வகுத்த முறை அது: எரிவாயுச் சுடரின் சூட்டால் அம்மோனியா சுழன்று குளிரூட்டும். மோட்டார் கிடையாது. வண்டியைச் சரிவில் நிறுத்தினால் திரவம் தேங்கிக் குளிர் நின்றுவிடும். ஆகவே மட்டம் பார்த்து நிறுத்துங்கள். பின்புறக் காற்றுவழி நிழற்பக்கம் இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தைய நாளே பெட்டியை இயக்கிக் குளிரவிடுவது நலம்.

இனி அம்மையாரின் இன்ஸுலின். திறவாத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். ஐஸ் அறையை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்தது உருகினாலும் பயனற்றது, எறிந்துவிட வேண்டும். கதவுத் தட்டும் ஆகாது, திறக்குந்தோறும் சூடேறும். நடுத்தட்டில் ஒரு டப்பாவிலிட்டு, பக்கத்தில் சிறு வெப்பமானியும் வைப்பது உத்தமம். திறந்த மருந்து வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பது வகைக்கு வகை மாறும். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே நடக்க வேண்டும். நெடுநேரம் மின்சாரம் தடைப்படின், மருந்தை நீர் புகாத டப்பாவிலிட்டு, சிறு மண்சட்டிக்குள் வைத்து, அதைப் பெரிய சட்டியில் ஈர மணலின் நடுவே இறக்கி, நனைத்த துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நம் ஊர் வறண்ட கோடைக்கு இது நன்கு உதவும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு பயன் தராது. மாரிக்குப்பம் வண்டியில் பெங்களூருக்கு மருந்து எடுத்துச் செல்வோர், பனிக்கட்டிமேல் நேரே வையாமல் துணி சுற்றியே வைக்கவும்.