சுவைஞர் கடன்

பொதியமலையிற் பிறந்து கீழ்கடல் நோக்கி ஓடும் பொருநையாறு, தன் இரு கரைகளிலும் நெல்லையும் வாழையையும் வளர்ப்பது போலவே கலையையும் வளர்த்து வந்துள்ளது. தாமிரவருணி என இன்று வழங்கும் அவ்வாற்றின் கரையூர்களில், கோயிற் கொடை நாளன்று வில்லுப்பாட்டு இரவு முழுதும் ஒலிக்கும். பாடுவோர் சிலர், கேட்போர் பலர். எனினும், கேட்போர் வாளா இருப்பவர் அல்லர். கதை வழுவினால் முணுமுணுப்பர். நயம் மிகுந்தால் தலையசைப்பர். விடிந்தபின் ஆற்றுத் துறையில் நீராடும்போது, சென்ற ஆண்டுப் பாட்டினும் இவ்வாண்டுப் பாட்டுச் சிறந்ததா என்று ஆராய்வர். கலையைப் படைப்பவன் ஒருவன். அதனைச் சுவைத்து அதன் தரத்தைக் காப்பவன் மற்றொருவன். இவ்விருவரும் கூடியே கலையை வாழ்விக்கின்றனர்.

1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அதன்பின் இக்கலை நாடெங்கும் விரைந்து பரவியது. திருநெல்வேலியில் ரத்னா, பார்வதி, பூர்ணகலா முதலிய அரங்குகளின் பெயர்கள் மக்கள் நாவில் நிலைபெற்றன. சிற்றூர்ப் புறங்களில் டூரிங் கொட்டகைகள் எழுந்தன. மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் கேட்டதும், சுற்றுப்புறத்து மக்கள் நடந்தும் வண்டி பூட்டியும் வந்து சேர்வர். தரைச் சீட்டு வாங்கியவர் மணலைக் குவித்து அதன்மேல் அமர்வர். படம் காட்டும் பொறி ஒன்றே இருந்தமையால், சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை உண்டு. அந்த இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் விற்பனையாகும். கண்ட காட்சியைப் பற்றிய பேச்சும் நிகழும். படம் முடிந்து வீடு திரும்பும் வழியிலோ அப்பேச்சு முதிர்ந்து பெரும் ஆராய்ச்சியே ஆகிவிடும்.

இவ்வரங்குகள் செய்த பெருநன்மை மற்றொன்றும் உண்டு. தமிழர் அனைவரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து கலையைக் கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகையே என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். பிறப்பால் அமைந்த இருக்கை அங்கே இல்லை. கொடுத்த காசுக்கே இருக்கை அமைந்தது. இத்தகைய பொதுமையைப் பேணுதல் எளிதன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நுழைவுச் சீட்டுடன் சென்ற நரிக்குறவர் சிலர் சென்னை அரங்கொன்றின் வாயிலில் முதலில் தடுக்கப்பட்டுப் பின்னரே உள்ளே விடப்பட்டனர். நாடு முழுதும் அச்செய்தி கேட்டு வருந்தியது. அரங்கு யாவர்க்கும் பொது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருப்பதாலன்றோ அவ்வருத்தம் பிறந்தது?

இருக்கையில் உள்ள இப்பொதுமை கருத்திலும் இருத்தல் வேண்டும். அரங்கினுள் அமர்ந்த ஒவ்வொருவர்க்கும் தம் கருத்தைக் கூற உரிமை உண்டு. பிறர் கருத்தைக் கேட்கும் கடமையும் உண்டு. முன்னதை யாவரும் விரும்புகின்றனர். பின்னதையோ பலர் மறந்துவிடுகின்றனர்.

‘ரசிகர்’ என்னும் சொல்லின் வரலாறு இதனை நன்கு விளக்கும். சுவையை அறிபவர் என்பதே அச்சொல்லின் பொருள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வாழ்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியாரை மக்கள் ‘ரசிகமணி’ என்று போற்றினர். அவர் இல்லத்தில் ‘வட்டத்தொட்டி’ என்னும் அவை கூடியது. வட்டமாக அமர்ந்து கம்பர் பாடலை ஒருவர் படிப்பார், அதன் அழகு எச்சொல்லில் உள்ளது, எவ்வோசையில் உள்ளது என்று எடுத்துரைப்பர், ஏனையோர் கேட்பர். கம்பர் பாடல்கள் பல பிறரால் இடையிற் செருகப்பட்டவை என்று ரசிகமணி கருதினார். புலவர் பலர் அதனை மறுத்தனர். இவ்வேறுபாட்டால் தமிழ் குறைவுபடவில்லை. கம்பரை மேலும் ஊன்றிப் படிக்கவே அது தூண்டியது. 1954ஆம் ஆண்டில் ரசிகமணி மறைந்தார். அவர் பெயரோடு விளங்கிய அச்சொல்லே இன்று பெரும்பாலும் ஒரு நடிகரைப் பின்பற்றும் கூட்டத்தாரைக் குறித்து நிற்கின்றது. சுவையை அறிந்தவரைக் குறித்த சொல், சார்ந்து நிற்பவரைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது.

1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ என்னும் படத்தை அறியாதார் அரியர். அதில் சிவபெருமானாகச் சிவாஜி கணேசனும், தருமியாக நாகேஷும், நக்கீரராக இயக்குநர் ஏ. பி. நாகராசனும் நடித்தனர். இறைவன் எழுதிய பாடலேயாயினும் அதன் பொருளிற் குற்றம் உண்டு என்று நக்கீரர் அஞ்சாது கூறும் காட்சியில் அரங்கு முழுதும் ஆரவாரம் எழும். அங்ஙனம் கைதட்டியவரே, வெளியில் வந்ததும் தமக்கு உவந்த நடிகரின் நடிப்பிற் குறை கூறும் நண்பர்மேற் சினங் கொள்வராயின், அவர் அக்காட்சியைக் கண்ணாற் கண்டாரேயன்றிக் கருத்தாற் கண்டார் அல்லர். இறைவன்முன் குற்றங் கூறும் உரிமையைப் புலவர்க்கு அளித்தவர், நடிகரின்பாற் குறை கூறும் உரிமையை அண்டை வீட்டார்க்கு அளித்தல் ஆகாதோ?

படம் வெளிவரும் நாளில் இளைஞர் மகிழ்ந்து ஆரவாரிப்பது தவறா என்று சிலர் வினவலாம். தவறன்று. கூடி மகிழ்தல் மக்கள் இயல்பு. திருவிழாவில் தேர் வடத்தைப் பற்றும் கைகள் ஆரவாரமின்றிப் பற்றுவதில்லை. ஆயினும், மகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. 2023ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், முன்னணி நடிகர் இருவரின் படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. அன்று சென்னையில் அரங்கொன்றின் அருகே, ஊர்ந்து சென்ற லாரியின்மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் வீழ்ந்து உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு திசம்பர்த் திங்களில் ஐதராபாத்தில், நடிகரைக் காணத் திரண்ட நெரிசலிற் சிக்கித் தாய் ஒருத்தி மாண்டாள். அவள் மகன் கொடுந்துயர் உற்றான். படம் சில வாரங்களில் அரங்கை விட்டு நீங்கும்; அவ்வீடுகளில் நுழைந்த துன்பமோ என்றும் நீங்காது.

அங்ஙனமாயின், படத்தைப் பற்றிக் கருத்துரைக்கும் முறைதான் யாது? குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு மதிப்பிடுமாறு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்திற் கூறியுள்ளார். மனிதரை மதிப்பிடக் கூறிய அம்முறை படத்திற்கும் பொருந்தும். நெல்லைச் சீமையின் வரலாற்றைக் கூறும் இரு படங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் நடித்த சிவாஜி கணேசன் 1960ஆம் ஆண்டில் கெய்ரோ நகரத்து விழாவிற் சிறந்த நடிகர் என்னும் பரிசு பெற்றார். கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது வரலாறு. திரையில் அவர் வெள்ளையரிடம் முழங்கும் சொற்களோ உரையாடல் எழுதியவரின் படைப்பு. அவ்வீரரைப் புகழ்ந்து எழுதியோரும் உளர். கடிந்து எழுதியோரும் உளர். நல்ல சுவைஞர், நடிப்பின் மாட்சியை வியப்பார். அதனோடு வரலாற்று நூல்களையும் புரட்டிப் பார்ப்பார். ஒன்றை மற்றொன்றாக மயங்கார்.

வ. உ. சிதம்பரனாரின் வாழ்வைக் காட்டும் ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961ஆம் ஆண்டில் வெளிவந்தபோது போதிய வருவாய் ஈட்டவில்லை. ஆயினும், சிறையிற் செக்கிழுத்த செம்மலை அப்படத்தின் வாயிலாகவே கண்முன் கண்டோர் பின்னாளிற் பலராயினர். முதல் வாரத்துக் கூட்டமும் வருவாயும் படத்தின் தகுதிக்கு அளவுகோல் ஆகா என்பதை இதனால் அறியலாம். இந்நாளில் இளைஞர் பலர் படத்தைக் காணுமுன்னரே, அது வென்றதா தோற்றதா என்று கைப்பேசியில் தீர்ப்பெழுதுகின்றனர். உண்ணுமுன் உணவின் சுவையைக் கூறுவார் சொல்லை எவர் ஏற்பர்?

எனவே, படம் காணச் செல்லும் மாணவர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அரங்கினுள் பிறர் காட்சியை மறைத்தலும், கைப்பேசியில் உரையாடுதலும் தகா. படம் முடிந்தபின், “நன்று” என்றோ “தீது” என்றோ கூறி அமையாமல், எக்காட்சி எதனால் நன்று, எவ்வுரை எதனால் தீது என்று கூறப் பழகுதல் வேண்டும். மாறுபட்ட கருத்தை முழுதும் கேட்டு, அதில் உண்மை இருப்பின் ஏற்றல் வேண்டும். காரணங் கூறவும், காரணங் கேட்கவும் பழகியவர், பின்னாளில் ஊரவையிலும் நாட்டவையிலும் நடுநிலை பிறழாமல் நிற்பர். இருளில் ஒருங்கமர்ந்து ஒரே காட்சியைக் கண்டவர், வெளிச்சத்திற்கு வந்தபின் பகைவராகப் பிரிதல் தகுமோ? கருத்து வேறாயினும் கை கோத்து வீடு திரும்புதலே சுவைஞர்க்கு அழகாகும்.