தொண்டை கட்டிய உபாத்தியாயர்

உபாத்தியாயர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. கேள்வியும் அவர்களே கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இருபது வருஷ காலம் இந்த வியாதி என்னைப் பீடித்திருந்தது. அது வியாதி என்று தெரியாததோடு, "பிரமாதமாகப் பாடம் நடத்துகிறவர்" என்ற பெயரும் வாங்கி வைத்திருந்தேன். கடைசியில் அது தெளிந்தது மருந்தினால் அல்ல, வேறொரு வியாதியினால்.

சென்ற ஐப்பசி அடைமழையில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்கு நாள் வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவிட்டார். விடுப்போ கைவசம் மிச்சமில்லை. எனவே ஏழாம் வகுப்புக்குப் போய், பின்னக் கணக்கில் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: "காலை அரையால் பெருக்கினால் இரண்டையும்விடச் சிறிய எண் வருகிறது. பெருக்கினால் பெருக வேண்டாமா? ஏன் குறைகிறது?"

எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

வழக்கப்படி முதல் பெஞ்சில் மூன்று கைகள் உயர்ந்தன. ஒரு குறும்புக்காரன், "வாசலைப் பெருக்கினாலும் குப்பை குறையத்தானே செய்கிறது, ஸார்!" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தொண்டை இடம் தரவில்லை. பிறகு நிசப்தம். அந்த நிசப்தம் எனக்கு எவ்வளவு வேதனையாயிருந்தது என்பதை உபாத்தியாயர்கள்தான் அறிவார்கள். ஒவ்வொரு விநாடியும் ஒரு யுகமாயிருந்தது.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பையன் மெள்ள எழுந்தான். அந்த வருஷம் அவன் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"அரையால் பெருக்குவது என்றால் அரைத் தடவை எடுப்பதுதானே, ஸார்? அம்மாவிடம் கால் முழம் பூவில் பாதி கேட்பார்கள். எங்கள் பாட்டி அதை அரைக்கால் என்று சொல்லுவாள்" என்றான்.

நான் திகைத்துப் போனேன். அரைக்கால்! எட்டில் ஒரு பங்குக்குத் தமிழில் வழங்கிய பெயர். அரையையும் காலையும் பெருக்கிய கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. இருபது வருஷமாகப் பின்னம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றியதில்லை. பூக்காரியின் மகன் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தப் பையனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. முந்தின வருஷம் அவனுடைய தேர்ச்சிப் பத்திரத்தில் "மந்தம்" என்று எழுதியவன் நான்தான். அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "படிப்பு ஏறாது என்றால் சொல்லிவிடுங்கள், ஐயா. வேறு வழி பார்க்கிறோம்" என்று கேட்டாள். நான் 'ஆகும்' என்றும் சொல்லவில்லை, 'ஆகாது' என்றும் சொல்லவில்லை. பொதுப்படையாகத் தலையை ஆட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டலை நம்பி அவள் பையனை நிறுத்தியிருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குத் தொண்டை வலி மட்டும் காரணமல்ல.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கர்களை அன்னம், பசு என்று தொடங்கி ஆடு, எருமை, பன்னாடை வரையில் தரம் பிரித்திருக்கிறார். அந்த ஜாபிதா நம்மவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதே பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் ஒரு ஜாபிதா இருக்கிறது. கழற்காய் பெய்த குடம், பருத்திக் குண்டிகை என்றெல்லாம் வரும். அது மட்டும் எங்களுக்கு ஏனோ ஞாபகத்தில் நிற்பதில்லை!

தொண்டை சரியான பிறகு இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் பல வகுப்புகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1974-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது சுமார் 1 விநாடிதானாம்! அதை 3 விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீளுகின்றன. "தெரியாது" என்பது குறைகிறது. வாய் திறவாதவர்களும் பேசுகிறார்கள். இன்னொன்றையும் அவர் கண்டார். கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் எண்ணுகிறவர்களுக்கு அதிக அவகாசம் கிடைக்கிறது. மந்தம் என்று எண்ணுகிறவர்களுக்குக் குறைந்த அவகாசம். யோசிக்க நேரம் வேண்டியவனிடமிருந்தே நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். பிறகு மந்தம் என்று எழுதுகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோவில் வாசலில் அந்த அம்மாளிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். "உங்கள் பிள்ளையிடம் நான் ஒரு கணக்குக் கற்றுக்கொண்டேன், அவனை நிறுத்திவிடாதீர்கள்" என்றேன். அவள் காசு வாங்க மறுத்தாள். அதற்கு நான் ஒப்பவில்லை.

இப்போதெல்லாம் கேள்வி கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரையில் எண்ணுகிறேன். முதல் பெஞ்சுக்காரர்களுக்கு இதில் பரம அதிருப்தி. பாடத் திட்டத்தில் இரண்டு பாடம் பின்தங்கியும் இருக்கிறேன். சென்ற திங்கட்கிழமை தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலில் நின்று, "ஏன் ஸார் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.