எந்த இடத்து அடர்த்தி?

சிண்டர் கியரின் டிராயிங் எதை எடுத்தாலும் மூலையில் ஒரு வரி இருக்கும்: அடர்த்தி, குறைந்தது 7.0. எந்த இடத்தில் என்று மட்டும் இருக்காது. வாங்குகிறவர் கேட்பதில்லை, செய்கிறவரும் வாய் திறப்பதில்லை. முழுக் கியருக்கும் எண்ணெய் ஊட்டி, காற்றிலும் நீரிலும் எடை போட்டு, ஐ.எஸ்.ஓ. 2738 சொல்கிறபடி ஒரே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரக்கு லாரி ஏறிவிடும்.

பிரஸ்ஸில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. மேல் பஞ்சும் கீழ்ப் பஞ்சும் தூளை நெருக்கும்போது, டையின் சுவரோடு உராய்ந்தே அழுத்தத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இரண்டு முனைகளும் நன்றாக இறுகுகின்றன, நடு உயரம் தளர்வாக நிற்கிறது. பல் இருக்கும் இடமோ குறுகலான சந்து, சுற்றிலும் சுவர். அங்கே உராய்வு இன்னும் கூடுதல். சான்றிதழில் 7.0 பெற்ற கியரில், அகலத்தின் நடுவே பல்லின் அடியில் 6.8 இருந்தால் வியப்பில்லை. வளைவுத் தகைவு உச்சத்துக்குப் போவதும் அதே பல்லடியில்தான். அடர்த்தி சற்றே இறங்கினால் அயர்ச்சி வலிமை அதைவிட வேகமாக இறங்கும்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் அண்மையில் அப்படி ஒரு கியரைப் பார்த்தேன். சிறிய சுமை வண்டியின் ஸ்டார்ட்டரில் இருந்த பிளானட்டரி கியர், இரண்டு பல் போயிருந்தது. "வார்ப்பு சார் இது, அதான் மண்ணாங்கட்டி மாதிரி உடைஞ்சிருக்கு" என்றார் மெக்கானிக். லைட்டரைக் காட்டிச் சூடாக்கினேன். முறிந்த முகத்தில் எண்ணெய் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. வார்ப்பில் அப்படி வராது. எஃகுத் தண்டு அயர்ந்து முறியும்போது தெரியும் அலைத்தடமும் அதில் இல்லை, மங்கலான மணல்மணலான பரப்புதான். சிண்டர் எஃகின் முறிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அயர்ச்சியை வெறும் 'ஓவர்லோடு' என்று எழுதி மூடிவிடுவது நம் தரப்பிரிவுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த வண்டி சாலவாக்கம், திருப்புலிவனம் என்று ஊர் ஊராகக் காய்கறி இறக்குவது. நிற்கும் இடமெல்லாம் டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டுநர் இன்ஜினை அணைக்கிறார். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பல்லுக்கு ஒரு குத்து. வடிவமைத்தவரின் கணக்கில் இப்படி ஒரு வேலைநாள் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

விரிசல் தொடங்குவது சராசரி நுண்துளையில் அல்ல. பரப்புக்குக் கீழே ஒட்டினாற்போல் இருக்கும் மிகப் பெரிய துளையில், அல்லது துளைகள் கூடிக் கிடக்கும் இடத்தில். அந்தப் பெரிய துளை பல நேரம் நாமே போட்டதுதான். சிண்டரிங் 1120 பாகையில். இரும்புத்தூளோடு கலந்த செம்பு 1083-லேயே உருகிப் பக்கத்து இடுக்குகளுக்குள் ஓடிவிடும், அது இருந்த இடம் வெற்றிடமாக நின்றுவிடும். பருமனான செம்புத்தூளை மலிவாக வாங்கினால் அந்தப் பருமனில் துளை. கட்டி தட்டிய மசகும் அப்படியே.

நூல்களில் உள்ள அயர்ச்சி எண்கள் பெரும்பாலும் சோதனைக் கம்பியைச் சுழற்றி வளைத்து, ஒரு கோடி சுழற்சிக்கு எடுத்தவை. இழுவலிமையில் சுமார் 0.38 பங்கு என்ற கைக்கணக்கும் அங்கிருந்து வந்ததே. முதல் மதிப்பீட்டுக்கு அது போதும், கியருக்குச் சான்றாகாது. ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார இருசக்கர வண்டிகள் பெருகிவரும் காலம் இது. நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் பினியன் ஒரு கோடி சுழற்சியை 17 மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். அதற்குப் பிறகு என்ன என்று அந்த எண் சொல்லாது.

அடர்த்தியை முழுக்க ஏற்ற வேண்டுமா? வேண்டாம். ஹப்பில் துளை இருந்துவிட்டுப் போகட்டும். பல்லை ரோலிங் செய்து அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறுக்கினாலே பெரும் பலன் உண்டு. ஆனால் பக்கத்தை மட்டும் உருட்டி அடியை விட்டுவிட்டால் பிட்டிங் குறையும், அடிமுறிவு அப்படியே இருக்கும். திறந்த துளைகள் உள்ள கியரை வாயு கார்புரைசிங்கில் வைத்தால் கரி ஆழம்வரை இறங்கிப் பல் முழுவதும் நொறுங்கும் தன்மை பெறும். எந்த வேலை முதலில் என்பதில் கவனம் வேண்டும்.

சோதனைக்குக் கியர் எடுக்கும் கையையும் பார்க்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையில் ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். நம் சோதனைக்கூடத்துக்கு வரும் கியரையோ உற்பத்திப் பிரிவே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்புகிறது. டை புதிதாக இருந்த நாளில் அழுத்தியது வரும், தேய்ந்தபின் அழுத்தியது வராது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, கியரின் அயர்ச்சி வலிமை பற்றி வரும் கட்டுரைகளிடம் மூன்றைக் கேட்போம். வயர்கட்டில் வெட்டி எடுத்த பல்லின் அடர்த்தி, முழுக் கியரின் எண்ணோடு சேர்த்து. அகலத்தின் நடுவில் பல்லடியின் நுண்படமும் அதில் கண்ட மிகப் பெரிய துளையின் அளவும். சோதனைக் கம்பியோடு நில்லாமல், உண்மையான பல்லைப் பல்சேட்டரில் வளைத்த முடிவு. பல்சேட்டர் இல்லாத சிறு ஆலைகள் முதல் இரண்டை மட்டும் அனுப்பலாம், வெளியிடுவோம். முழுக் கியரின் அடர்த்தியை மட்டும் வைத்து எழுதிய கட்டுரை திருப்பி அனுப்பப்படும்.