கதிரைக்கு அஞ்சும் பெரியோர்

நள்ளிரவிலே தனிவழி நடக்க அஞ்சாதவர்; கொந்தளிக்கும் கடலிலே வலை வீச அஞ்சாதவர். ஆயினும், பல் வைத்தியரின் கதிரை என்றதும் அவருக்கு நா வறள்கின்றது. இத்தகைய பெரியவர் நம் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் உளர். அவரை நகையாடுவது நம் நோக்கமன்று. அவ்வச்சம் செய்யும் கேட்டைச் சிந்திக்கவே விழைகின்றோம்.

கொடுப்புப் பல்லிலே சிறு குழி விழுகின்றது. கராம்பை வைத்துக் கடித்ததும் பல்லுக்கொதி தணிகின்றது. நோவு போனதால் நோயும் போயிற்றென எண்ணி அவர் வாளாவிருக்கின்றார். சூத்தையோ உள்ளே நரம்பை எட்டுகின்றது. கன்னம் வீங்கிய பின்னரே வைத்தியசாலைக்கு ஓடுகின்றார். சீழ் கட்டிய இடத்தில் விறைப்பு மருந்து செவ்வனே பிடிப்பதில்லை. ஆதலால் மெய்யாகவே நோகின்றது. “நான் அஞ்சியது சரியே” என்று மனம் உறுதி கொள்கின்றது. அச்சம் தாமதத்தையும், தாமதம் நோவையும், நோவு மீண்டும் அச்சத்தையும் பெறுகின்றன.

முன்னாளில் இவ்வச்சத்திற்குத் தக்க காரணம் இருந்தது. 1846ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில், ஈதர் ஆவியால் நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாமெனப் பலரறியக் காட்டிய வில்லியம் மோர்ட்டன் ஒரு பல் வைத்தியரே. 1943இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோவ்கிரென் ஆக்கிய லிக்னோகேயினே இன்று பெரும்பாலும் ஊசி மூலம் முரசை விறைக்கச் செய்கின்றது. காலம் மாறியும் அச்சம் மாறவில்லை.

பல்லை இழப்பதோடு இழப்பு முடிவதுமில்லை. இலங்கை ஆண்களிடையே மிகுந்து காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியன அதற்குப் பெருங்காரணங்கள். தொடக்கத்தில் அது நோவதில்லை; வெண்படையாகவோ செம்படையாகவோ ஆறாத புண்ணாகவோ மறைந்திருக்கும். பல் பார்க்கச் சென்றால் வைத்தியர் கண்ணில் அது படும். செல்லாதவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்துணைத் தொலைவு நடந்து பிறர் கட்டிய இடத்திற்கு நாம் நோயாளராய்ச் செல்லாதிருக்க, அண்மையிலுள்ள பல் வைத்தியரிடம் நடந்தாற் போதுமே!

அஞ்சுவோர்க்கு நாம் கூறுவது இதுவே: நோவில்லாத நாளிலே, பார்வையிடுவதற்கு மட்டும் முதன்முறை செல்லுங்கள். அச்சத்தை வைத்தியரிடம் வெட்கமின்றிச் சொல்லுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்தவேண்டுமென முன்னரே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணை ஒருபோதும் பொருட்படுத்தாது விடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். குழப்படி செய்யும் பிள்ளையை, “பல்லுப் பிடுங்குகிறவரிடம் கொண்டுபோவேன்” என்று வெருட்டாதீர்கள். இன்றைய அச்சங்களிற் பல, அன்று வீட்டிலே விதைத்தவை. மாணவர்களே, உங்கள் பாட்டனாரின் கையைப் பிடித்து நீங்களே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்காகவேனும் அவர் அக்கதிரையில் அமர்வார்.