வாங்கின விலை யாருக்கு வேணும்?

"2014ல் 16,000 ரூபாய்க்கு வாங்கிய வாஷிங் மெஷின், நல்ல கண்டிஷன், 9,000. பேரம் கிடையாது." எங்க அப்பா கொடுத்த வரி விளம்பரம் இது. மூணு மாசத்துல வந்தது ரெண்டே போன். ஒண்ணு ராங் நம்பர். இன்னொண்ணு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பையன், 4,000 தர்றேன்னான். அப்பா போனை வெச்சுட்டார்.

மக்களே, நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கங்கறது உங்க சொந்தக் கதை. வாங்க வர்றவர் கணக்கே வேற. புதுசுன்னா வாரண்டி உண்டு, மாசத் தவணை உண்டு, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பாங்க. பழசுன்னா குட்டியானை வாடகை, மாடியிலிருந்து இறக்கக் கூலி, ரிப்பேர் ஆனா அவர் தலையெழுத்து. இன்னிக்குப் புதுசு விக்கிற விலையில இதையெல்லாம் கழிச்சா மிச்சம் வர்றதுதான் உங்க விலை.

பழைய பிரிட்ஜை "5 ஸ்டார்"னு விளம்பரம் பண்றவங்க, அந்த லேபிள்ல போட்டிருக்கிற வருஷத்தையும் கொஞ்சம் பாருங்க. ஸ்டார் அளவுகோலை அப்பப்போ கடுமையாக்கறாங்க. அன்னிக்கு 5 வாங்கினது இன்னிக்கும் 5ன்னு சொல்ல முடியாது.

"அப்போ அடிமாட்டு விலைக்குக் கொடுக்கணுமா?"ன்னு அப்பா கேட்டார். வேண்டாம். நியாயமா ஒரு விலை போடுங்க. மோட்டார் சத்தம் போட்டா அதையும் எழுதுங்க. ரெண்டு வாரம் யாரும் கூப்பிடலைன்னா குறைங்க. அவ்வளவுதான்.

எங்க மெஷினா? வராண்டாவுல மழையில நனைஞ்சு, துருப்பிடிச்சு, கடைசியில காயலான் கடைக்கு 800 ரூபாய்க்குப் போச்சு. வீம்புக்கு நாங்க கொடுத்த விலை 3,200 ரூபாய்.